இடைவெளி விரதம்: பெண்கள் எந்த வேளையைக் குறைப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் பெண்ணைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லக்கா, ஃபாஸ்டிங்ல இருக்கேன். பதினாறு மணி நேரம். பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பாடு" என்றாள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்றதற்கு, "எட்டுக்குள்ள முடிக்கணும்தான், ஆனா அவரு வேலை முடிஞ்சு வர ஒன்பதரை ஆயிடுது, அவரு தனியா சாப்பிட வேணாமேன்னு..." என்று இழுத்தாள். ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் பதினாறு மணி நேரம் முடியும்போது மறுநாள் பகல் ஒன்றரை. அதுவரைக்கும் தாங்குவதற்குக் கையில் ஒரு தே-ஓ, பால் சேர்க்காத தேநீர்.

அவளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன் நானும் அச்சு அசலாக இதைத்தான் செய்தேன். அதில் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது இது: நம் வீடுகளில் ஒரு பெண் விரதம் தொடங்கினால் முதலில் போவது காலைச் சாப்பாடு. அதை விட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளையை எழுப்பி, குளிக்க வைத்து, பள்ளிக்கு அனுப்பி, நாமும் கிளம்பி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அது பாதி நாள் தானாகவே விட்டுப்போகிற வேளை. இரவுச் சாப்பாட்டை அப்படி விட முடியாது. நாள் முழுக்கச் சிதறிக் கிடந்த குடும்பம் ஒன்றாக உட்காருகிற நேரம் அதுதான், அங்கே "எனக்கு வேண்டாம்" என்றால் மாமியாரிலிருந்து பிள்ளை வரை எல்லோரும் காரணம் கேட்பார்கள். ஆக, விடுவதற்குச் சுலபமான வேளையை விடுகிறோம். உடம்பின் கணக்கில் பார்த்தால் குறைக்க வேண்டியது இரவுப் பக்கம்.

இந்த 16:8 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் முறையை இணையத்தில் பிரபலமாக்கியவர் சுவீடன்காரரான உடற்பயிற்சி ஆலோசகர் மார்ட்டின் பெர்க்கான். எடை தூக்கி உடலை முறுக்கேற்றுகிறவர்களுக்காக அவர் எழுதினார். அவருடைய முறையிலேயே ஆண்களுக்கு 16 மணி நேரம், பெண்களுக்கு 14. பரவியபோது அந்த 14 எப்படியோ காணாமல் போய்விட்டது. ஆய்வுப் பக்கமும் இதே கதைதான். அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கழகத்தில் சச்சின் பாண்டாவின் குழு 2012ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், கொழுப்பு நிறைந்த தீனியை எந்நேரமும் தின்ற எலிகள் பருத்தன, அதே அளவு தீனியை எட்டு மணி நேரத்துக்குள் தின்ற எலிகள் அப்படிப் பருக்கவில்லை. சோதித்தது ஆண் எலிகளை. 2018ல், பகல் மூன்று மணிக்குள்ளேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டிய ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர், எட்டுப் பேரும் ஆண்கள். செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் 'ஆட்டோஃபேஜி' பற்றிப் பேசாத விரத வீடியோவே இல்லை, அதற்காக ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் அந்த அடிப்படையைக் கண்டுபிடித்தது ஈஸ்டில். மனுஷிக்கு எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் அது நடக்கும் என்று அந்தப் பரிசு எதுவும் சொல்லவில்லை.

சரி, சாப்பிடாமல் இருக்கும்போது உடம்புக்குள் நடப்பது என்ன? சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, அதை உள்ளே இழுத்துக்கொள்ள இன்சுலின் சுரக்கிறது, மிஞ்சியதில் கொஞ்சம் ஈரலில் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. ஈரலில் சேரும் அளவு ஏறத்தாழ 100 கிராம்தான், சின்னப் பெட்டி. இரவு முழுக்க மூளைக்குத் தேவையான சர்க்கரை அதிலிருந்துதான் போகிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அது நன்றாகக் குறைந்து, இன்சுலினும் இறங்கியிருக்கும்போது, உடம்பு கொழுப்பைக் கரைத்து எரிக்கும் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. இதில் மந்திரம் எதுவும் கிடையாது, நம் பாட்டிமார் காலத்தில் ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டுக் காலை எட்டுக்கு இட்லி தின்ற எல்லோருக்கும் தினமும் நடந்ததுதான். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்று துள்ளுகிறவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் மூன்று கிராம் வாக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அது ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கரையாது.

எடை உண்மையில் எதனால் குறைகிறது என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. சிகாகோவில் கிறிஸ்டா வராடியின் குழு 2018ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள், யாரும் கலோரி எண்ணச் சொல்லாமலே, தினம் 350 கலோரிக்குப் பக்கத்தில் குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். 12 வாரத்தில் உடல் எடையில் 2.6 சதவீதம் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு இது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே. அடுத்து சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2022ல் வெளியான ஆய்வு: இரு பிரிவினருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு, ஒரு பிரிவு மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். நேரக் கட்டுப்பாடும் இருந்தவர்களுக்கு 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன, புள்ளியியல் கணக்கில் அது பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. ஆக, நேரத்தைக் கட்டுவதால் நாம் குறைவாகச் சாப்பிடுகிறோம், அதனால் எடை குறைகிறது. இதைச் சிறுமைப்படுத்திச் சொல்லவில்லை. கலோரி எண்ணிக்கொண்டு வாழ முடியாத ஒரு பெண்ணுக்கு, "இத்தனை மணிக்கு மேல் அடுப்படியில் எதுவும் வாயில் போடமாட்டேன்" என்ற ஒரே ஒரு விதி எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். பிள்ளை தட்டில் விட்டுவைத்த சோறு, டிவி முன்னால் இரண்டு முறுக்கு, பாத்திரம் கழுவியபின் ஒரு மைலோ, எல்லாம் அந்த ஒரு விதியில் நின்றுவிடும்.

இங்கேதான் எந்த நேரத்தை விடுவது என்ற கேள்வி வருகிறது. 2020ல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 116 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். விரதப் பிரிவு பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பிட்டது, அதாவது காலையை விட்டது, நம் ஆறாவது மாடிப் பெண் மாதிரி. ஒரு கிலோ கூடக் குறையவில்லை, வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமும் இல்லை. அதைவிடக் கவலை தருவது, நேரில் வரவழைத்து உடலை அளந்த சிறு குழுவில், விரதமிருந்தவர்கள் இழந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பே இல்லை, தசை போன்றவை. 2022ல் அலபாமாவில் நடந்த இன்னொரு ஆய்வில் 90 பேர், பெரும்பாலோர் பெண்கள், 14 வாரம். காலை 7 முதல் பகல் 3 வரை மட்டும் சாப்பிட்டவர்கள், நாள் முழுக்கப் பரத்திச் சாப்பிட்டவர்களைவிட 2.3 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். குவாங்சோ ஆய்வும் காலை நேரம்தானே, அதில் வித்தியாசம் வரவில்லையே என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்வி. கலோரி ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் நேரம் சேர்ப்பது கொஞ்சம்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒன்றில் குழப்பமில்லை: அதே சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட இரவில் சாப்பிட்டால் ஏறுவது அதிகம். உடம்பின் கடிகாரம் அப்படி. அதே 2022ல் பாஸ்டனில் 16 பேரை வைத்துச் செய்த சோதனையில், சாப்பாட்டு நேரங்களை நான்கு மணி நேரம் தள்ளிப்போட்டதும் பசி கூடியது, வயிறு நிறைந்ததாகச் சொல்லும் லெப்டின் குறைந்தது.

நம் ஊரில் இரவுச் சாப்பாடு என்ன? காலையில் ரொட்டி, மதியம் அலுவலகம் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் ஏதோ ஒன்று, இரவில்தான் வீட்டுச் சாப்பாடு, சோறு, குழம்பு, பொரியல் என்று நாளின் பெரிய தட்டு ஒன்பது மணிக்கு விழுகிறது. சமைத்தவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறாள். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அந்தப் போரில் ஒன்பதரை மணித் தட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது பெண் உடம்புக்கு வருவோம், ஏனென்றால் ஆண்களுக்காக எழுதிய ஆலோசனைகளில் விட்டுப்போவது இதுதான். மாதவிடாய் சுழற்சி கருப்பையில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து ஒரு சமிக்ஞை விட்டு விட்டுத் துடிப்பாகக் கிளம்பும், அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனைத் துடிப்பாக விடும், அதைக் கேட்டுத்தான் சினைப்பை வேலை செய்யும். அந்த முதல் துடிப்பைத் தூண்டுகிற கிஸ்பெப்டின் நரம்புச் செல்கள் உடம்பில் எரிபொருள் இருக்கிறதா என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. போதாது என்று தோன்றினால் துடிப்பு மெதுவாகும். காரணம் எளிது: ஒரு பிள்ளையைச் சுமக்கவும் பாலூட்டவும் ஆகும் செலவு பெரியது, பஞ்ச காலத்தில் உடம்பு அந்தக் கதவை மூடிவைக்கும். நாம் வேண்டுமென்றே இருக்கிற பட்டினிக்கும் பஞ்சத்துக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

எவ்வளவு குறைந்தால் போதாது? அமெரிக்க ஆய்வாளர் ஆன் லூக்ஸ் 2003ல் வெளியிட்ட சோதனையில், சரியான எடையுள்ள இளம்பெண்களுக்குச் சில நாட்கள் அளந்து அளந்து சாப்பாடு கொடுத்து எல்ஹெச் துடிப்பைப் பார்த்தார்கள். உடற்பயிற்சியில் எரித்தது போக, கொழுப்பில்லாத உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது துடிப்பு கலைந்தது. ஐந்தே நாளில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 65 கிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொழுப்பில்லாத எடை 42 கிலோ என்று வைத்தால் 1,260 கலோரி. காலையை விட்டு, மதியம் அவசரமாக ஒரு கிண்ணம் மீ சூப் சாப்பிட்டு, சாயங்காலம் ஜிம்முக்கும் போய்விட்டு வந்தால் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவது ரொம்பச் சுலபம். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுகிற கோடு இல்லை, ஒருத்தி தாங்குவதை இன்னொருத்தி தாங்கமாட்டாள், உடம்பில் கொழுப்புச் சேமிப்பு நிறைய இருந்தால் பொதுவாகக் கூடுதலாகத் தாங்கும்.

அதற்காகப் பயமுறுத்தவும் வேண்டாம். விரதமிருந்தால் பெண்ணின் ஹார்மோன் எல்லாம் கெட்டுப்போகும் என்று சொல்கிற வீடியோக்களும் இருக்கின்றன, அவை பெரும்பாலும் இளம் எலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்ட ஆய்வைக் காட்டுகின்றன. எலிக்கு ஒருநாள் பட்டினி என்பது நமக்கு ஒருநாள் பட்டினி மாதிரி கிடையாது, அதன் ஆயுளே இரண்டு மூன்று வருடம். பருமனான பெண்களை எட்டு வாரம் தினம் 4 அல்லது 6 மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட வைத்து வராடியின் குழு 2022ல் வெளியிட்டதில், டெஸ்டோஸ்டெரோன் மாறவில்லை, டிஹெச்இஏ என்ற ஹார்மோன் 14 சதவீதம் வாக்கில் குறைந்தாலும் இயல்பான அளவுக்குள்ளேயே இருந்தது. சின்ன ஆய்வு, தவிர ஈஸ்ட்ரோஜனை மாதவிடாய் நின்றவர்களிடம் மட்டுமே பார்த்தார்கள், அதனால் 30 வயதுக்காரிக்கு அதிலிருந்து முழுப் பதில் கிடைக்காது. சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் இருக்கும் பெண்களுக்கோ கதை நல்லபடியாகவே போகக்கூடும். 2021ல் சீனாவில் 15 பேரை வைத்துச் செய்த ஆய்வில் எட்டு மணி நேரச் சாப்பாட்டுக்குப் பிறகு 11 பேருக்குச் சுழற்சி மேம்பட்டது. அவர்கள் சிக்கலின் அடியில் இன்சுலின் இருக்கிறது, அது இறங்கினால் மற்றதும் கொஞ்சம் சீராகிறது. ஒரே விரதம் ஒருத்திக்குச் சுழற்சியைக் கலைக்கும், இன்னொருத்திக்குச் சரிசெய்யும் என்பதுதான் இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது. தோழிக்கு நடந்ததை வைத்து உங்களுக்கு முடிவு செய்யாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு 38 வயது, 71 கிலோ. நேராக 16:8ல் குதித்தேன். இரண்டு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்தது, பாவாடை இடுப்பில் தளர்ந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதம் தேதி பன்னிரண்டு நாள் தள்ளிப் போனது. வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், திரும்பத் தூக்கம் வராது. அதையும் வேறு எதன் மேலோ போட்டேன். நான்காவது மாதம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் ஒரு பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "காலைல என்ன சாப்பிடுறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒன்றுமில்லை, கோப்பி என்றேன். இரும்புச் சத்துச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. எனக்கு மாதவிடாய் எப்போதுமே அதிகம் போகும், அதில் ஒரு வேளைச் சாப்பாட்டையும் வெட்டி, மீதி இரண்டு வேளைக்கும் பக்கத்திலேயே கோப்பியும் தேயும் குடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் கோப்பியும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். முடி கொட்டுவது உடனே தெரியாது, உடம்புக்கு அதிர்ச்சி விழுந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும், அதனால் நாம் காரணத்தை வேறெங்கோ தேடுவோம் என்றும் அவர்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் விரதத்தையே விட்டுவிடவில்லை. திருப்பிப் போட்டேன்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 12 மணி நேரம். இரவு ஏழரைக்கு முடித்தால் காலை ஏழரைக்குச் சாப்பிடலாம், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு விரதமா என்று தோன்றும். ஒரு வாரம் உண்மையாக இருந்து பாருங்கள், ஏழரைக்குப் பிறகு எத்தனை தடவை கை தானாக டப்பாவைத் திறக்கிறது என்று தெரியும். முதல் மாதம் முழுக்க இதிலேயே இருக்க வேண்டும், ஒரு முழுச் சுழற்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தேதி தள்ளவில்லை, தூக்கம் கெடவில்லை, தலைசுற்றல் இல்லை என்றால் 13, அப்புறம் 14. எனக்கு 14 போதும், அதற்கு மேல் ஏறுவதால் கிடைக்கிற லாபம் அதன் தொல்லைக்கு ஈடாகாது என்பது என் கருத்து. நம் ஊரில் ஒரு வசதி, ஆண்டு முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் விடிந்து மாலை ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. இருட்டுகிற நேரத்தில் அடுப்படி மூடுகிறது என்று வைத்துக்கொண்டால் கடிகாரமே வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பசி கூடும், அது இயற்கை, அந்த வாரம் 12க்குத் திரும்பி வந்துவிடுவேன்.

குடிப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோப்பிக்கடையில் தே-ஓ என்றால் பால் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், சீனி உண்டு. தே-சி என்றால் எவாப்பரேட்டட் பாலும் (நீர் வற்றவைத்த, இனிப்பில்லாத பால்) சீனியும். சீனியே வேண்டாம் என்றால் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: தே-ஓ கோசோங், கோப்பி-ஓ கோசோங். தேக்காவில் அந்தப் பெண் கையில் இருந்த தே-ஓ அவள் விரதத்தை எட்டு மணிக்கே முடித்துவிட்டது, அது அவளுக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்துகள் வந்திருக்கின்றன, 100 மில்லிலிட்டருக்குச் சீனி 1 கிராமுக்குள் இருந்தால்தான் சீனிக் கணக்கில் 'ஏ'. 10 கிராமைத் தாண்டினால் 'டி'. குளிர்பானக் கடைகளில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

சாப்பிடுகிற நேரத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றி விரதக்காரர்கள் பேசுவதே இல்லை. தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், எடை குறைக்கிறபோது கொஞ்சம் கூடவே. 60 கிலோ பெண்ணுக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு இட்லியில் இருப்பது நான்கு கிராம் வாக்கில், ஒரு முட்டையில் ஆறு. நம் தட்டில் சோறு பாதி, குழம்பு கால், மீன் ஒரே துண்டு, அந்தத் துண்டும் பல வீடுகளில் பிள்ளைக்கும் கணவருக்கும் போய்விட்டுக் கடைசியில் வால் துண்டு வரும். அதை மாற்றுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. காலையில் காயா ரொட்டியோடு வருகிற அரைவேக்காட்டு முட்டை இரண்டையும் சாப்பிடுங்கள், ரொட்டியை வேண்டுமானால் பாதியாக்குங்கள். சைவம் என்றால் டோஃபு, டெம்பே, சுண்டல், தயிர், கெட்டியான பருப்பு. வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிற பயிற்சியும் வேண்டும், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த வயதில் தசையும் எலும்பும் தாமாகவே இறங்கத் தொடங்கும். நடப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது.

விரதம் நமக்குப் புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. புதிதில்லை. சஷ்டி, ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமை, தைப்பூசத்துக்கு முந்தைய நாற்பத்தெட்டு நாள் என்று நாம் பார்க்காத விரதமா. ஆனால் பகல் முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு இரவில் ஜவ்வரிசிப் பாயசம், வடை, கேசரி என்று முடிக்கிற பழக்கத்தோடு எடை குறைப்பைச் சேர்க்க முடியாது. அது சாமிக்கான விரதம், அதன் கணக்கு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். என் முஸ்லிம் தோழி சொன்னது எனக்கு நிறைய யோசிக்க வைத்தது. ரமலானில் இங்கே நோன்பு நேரம் எந்த வருடமும் பதின்மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான், மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது, பிறகு வேறு நாட்களில் நோற்று ஈடுசெய்ய வேண்டும், அதைக் களா என்பார்கள். "எங்க மார்க்கமே அந்த நாளுக்கு விலக்கு குடுத்திருக்கு, நீங்க ஏன் அந்த நாள்லயும் உடம்பை வருத்துறீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தொடங்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள், 18 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள், சாப்பாட்டை வெறுப்பதோ அளவில்லாமல் தின்று வருந்துவதோ எப்போதாவது இருந்தவர்கள். இந்தக் கடைசிப் பிரிவுக்கு நேரக் கட்டுப்பாடு நல்ல பிள்ளை வேஷத்தில் பழைய நோயைத் திரும்பக் கூட்டி வரும், அம்மாக்கள் தங்கள் பெண்களிடம் இதைக் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபிசைட் போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் பட்டினியில் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. பலதுறை மருந்தகத்தில் அடுத்த தடவை போகும்போது நேரம் மாற்றப் போகிறேன் என்று சொல்லி மாத்திரை அளவைக் கேளுங்கள், ஐந்து நிமிடம்தான்.

எடை குறைக்கத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் பாருங்கள். ஆசியர்களுக்கு இங்கே பயன்படுத்தும் அளவு வேறு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 23ல் கவலை தொடங்குகிறது, 27.5ல் ஆபத்து அதிகம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவில் 80 சென்டிமீட்டர்தான் எல்லை. 21 பிஎம்ஐ வைத்துக்கொண்டு இன்ஸ்டகிராம் பார்த்து விரதமிருக்கும் பெண்களைத்தான் சுழற்சி முதலில் கைவிடும். 2024 மார்ச்சில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர்களுக்கு இதய நோயால் இறப்பு 91 சதவீதம் அதிகம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கம். இரண்டே நாள் சாப்பிட்டதைக் கேட்டுவிட்டுப் பல வருடம் கழித்து இறப்பைப் பார்த்தார்கள், வேலை, நோய், வறுமை என்று ஒருவர் குறைந்த நேரத்துக்குள் சாப்பிட ஆயிரம் காரணம் இருக்கலாம். அதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம், தராசு. மாதவிடாய்க்கு முன்னால் உடம்பு தண்ணீர் பிடிக்கும், ஒன்றிலிருந்து இரண்டு கிலோ ஏறியதுபோலக் காட்டும், அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். போன மாதம் சுழற்சியின் ஏழாம் நாள் என்ன எடை, இந்த மாதம் ஏழாம் நாள் என்ன எடை என்று ஒப்பிடுங்கள். மாதம் ஒன்றரை கிலோ குறைந்தால் அருமை, ஒரு கிலோ என்றாலும் நல்லதுதான்.

ஆறாவது மாடிப் பெண்ணை அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு முட்டைதோசை ஊற்றிக் கொடுத்தேன். மூன்று மாதமாகத் தேதி சரியில்லை என்று அப்போதுதான் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து மின்தூக்கியில் பார்த்தபோது, இப்போது பிள்ளையோடு ஏழேகாலுக்கே சாப்பிட்டுவிடுகிறாள், காலையில் ஏழரைக்கு முட்டையும் ரொட்டியும், கணவர் ஒன்பதரைக்கு வரும்போது தட்டு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் ஒரு டம்ளர் வெந்நீரோடு உட்காருகிறாள் என்று தெரிந்தது. "முதல் ரெண்டு நாள் அவருக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப அவரே சனி ஞாயிறுல ஏழு மணிக்குச் சாப்பிடலாம்ங்கறாரு" என்றாள். பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். அடுப்படியில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில், சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பக்கத்தில், அவள் அம்மா செய்ததுபோலப் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைக்க ஆரம்பித்திருக்கிறாளாம்.